அலுமாரில இருந்த அஞ்சு சாரி: ஒரு மலையகக் கல்யாணப் பொண்ணோட கூறைப்பட்டு முடிவான கதை

2024 வைகாசி கடைசி. மழை விடாம பேஞ்சுக்கிட்டு இருந்த ஒரு சாயங்காலம், இலங்கை மலையகத்துல, தலவாக்கலைப் பக்கத்து தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்னுல படிச்சுக்குடுக்குற டீச்சர் ஒருத்தங்க, அவங்க அம்மாவையும் கூட்டிக்கிட்டு ஹட்டன்ல இருக்குற என் தையல் ரூமுக்கு வந்தாங்க. பரிசம் போட்டு ரெண்டு கெழமை ஆகியிருந்துச்சு, கல்யாணம் ஆவணியில. வயசு 27, உயரம் 4 அடி 11 அங்குலம், ஒல்லியான உடம்பு, கழுத்து கொஞ்சம் குட்டை, மாநிறத்த விட ஒரு படி கறுப்பு. இதெல்லாம் ஏன் எழுதுறேன்னா கடைசில சாரி முடிவானது இந்த அளவுகள வச்சுத்தான். அவங்கக்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன், பேரும் படமும் வேணாம்னு சொன்னாங்க, அதனால டீச்சர்னே சொல்லிட்டுப் போறேன்.

"அக்கா, எனக்கு என்ன ஸ்டைல் பொருந்தும்னு எனக்கே தெரியல"ன்னு ஃபோன நீட்டுனாங்க. சேமிச்சு வச்ச படம் மட்டும் 140க்கு மேல. இளரோஸ் லெஹங்கா, லாவெண்டர் கலர் பட்டு, தங்கமே தெரியாத அளவுக்கு கல்லு வச்ச ஜாக்கெட், கண்டிச் சிங்களப் பொண்ணுங்க கட்டுற ஒசரி, ஒரு அடி பார்டர் வச்ச காஞ்சிபுரம், எல்லாமே அழகுதான், ஆனா ஒன்னுக்கொன்னு சம்பந்தமே இல்ல. ராத்திரி ராத்திரியா பாத்து பாத்து சேமிச்சிருக்காங்க, பாக்கப் பாக்க குழப்பம் கூடியிருக்கே ஒழிய குறையல. அம்மா பக்கத்துல உக்காந்து ஒன்னும் பேசல, கையில இருந்த குடையில இருந்து தண்ணி சொட்டுறத மட்டும் பாத்துக்கிட்டு இருந்தாங்க.

நான் 22 வருசமா ஜாக்கெட் தைக்கிறேன், பொண்ணுங்களுக்கு சாரியும் கட்டி விடுறேன். நம்ம பக்கம் வழக்கமா என்ன நடக்கும்னா கூறைச்சாரிய மாப்பிள்ளை வீட்டுல எடுப்பாங்க, எடுத்த பெறகு ஜாக்கெட் துணி என்கிட்ட வரும், பொண்ணுக்கிட்ட "கழுத்து எப்படி வைக்கணும்?"னு ஒரே ஒரு கேள்வி கேப்பாங்க, அவ்வளவுதான். பொண்ணோட விருப்பத்துக்கு மிச்சம் இருக்குற இடம் அந்தக் கழுத்து வெட்டு மட்டும்தான். இந்த டீச்சர் சாரி எடுக்குறதுக்கு முன்னாடியே வந்தது எனக்கு பெரிய விசயமா பட்டுச்சு, அதனாலதான் இந்த ஒரு கேஸ ஆரம்பத்துல இருந்து நோட்டுல குறிச்சு வச்சேன்.

படத்த எல்லாம் ஒதுக்கி வைக்கச் சொன்னேன். "வர்ற சனிக்கெழமை வாங்க டீச்சர், வரும்போது நீங்க ஸ்கூலுக்கு அடிக்கடி கட்டுற சாரில அஞ்சு கொண்டாங்க, வாங்கி வச்சு கட்டவே கட்டாத சாரி ரெண்டும் கொண்டாங்க"ன்னு சொல்லி அனுப்புனேன். நம்ம நாட்டுல டீச்சர்மார் கெழமைக்கு அஞ்சு நாள் சாரி கட்டுறவங்க. இவங்க அஞ்சு வருசமா கட்டுறாங்க, அதுவும் தோட்டத்து ரோட்டுல, பஸ்ல தொங்கிக்கிட்டு, மழையில, 40 பிள்ளைங்களுக்கு முன்னாடி நின்னுக்கிட்டு. எந்த டிசைனரும் குடுக்க முடியாத அனுபவம் அது. அவங்க உடம்புக்கு எது ஒத்துவரும்னு அந்த உடம்பே அஞ்சு வருசமா தெரிஞ்செடுத்து வச்சிருக்கு, அத யாரும் திரும்பிப் பாக்கல, அவங்களும் பாக்கல.

சனிக்கெழமை ஏழு சாரியையும் வெட்டுற மேசையில விரிச்சோம். அடிக்கடி கட்டுற அஞ்சுல ஒன்னு பாசிப்பச்சை காட்டன், ஒன்னு செங்கல் கலர் ஹேண்ட்லூம், ஒன்னு கரும்பச்சை, ரெண்டு நீலம். அஞ்சுலயும் உடம்பு ஒரே கலர், பூ கிடையாது, கட்டம் கிடையாது. பார்டர் எதுலயும் மூணு அங்குலத்த தாண்டல. அதுக்கு கட்டுற ஜாக்கெட் எல்லாத்துலயும் கை முழங்கை வரைக்கும், முதுகு மூடி இருக்கு. கட்டாத ரெண்டுல ஒன்னு கல்லு ஒட்டுன நெட் சாரி, இன்னொன்னு தீபாவளிக்கு யாரோ குடுத்த பெரிய பார்டர் ஆர்ட் சில்க். ஏன் கட்டலன்னு கேட்டேன். கொஞ்சம் யோசிச்சுட்டு, "அத கட்டுனா நான் நடக்குற மாதிரி இல்லக்கா, சாரி நடக்குற மாதிரி இருக்கு"ன்னு சொன்னாங்க.

அந்த ஒரு வார்த்தைய நோட்டுல பெருசா எழுதி அடிக்கோடு போட்டேன். ஃபோன்ல இருந்த 140 படத்துல முக்காவாசி அந்தக் கட்டாத ரெண்டு சாரியோட சொந்தக்காரங்க. அதாவது கண்ணு ஆசப்படுறது ஒன்னு, உடம்பு தெரிஞ்செடுக்குறது வேற ஒன்னு. கண்ணோட ஆசை தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா காலையில மூணு மணிக்கு எந்திரிச்சு மத்தியானம் மூணு மணி வரைக்கும் அத தூக்கிக்கிட்டு நிக்கப்போறது உடம்புதான்.

ஏன் அந்தப் பெரிய பார்டர் அவங்களுக்கு ஒத்துவரலன்னு அளந்தே காட்டுனேன், இது உயரம் குறைஞ்ச எல்லாப் பொண்ணுங்களுக்கும் பொருந்துற விசயம். சாரியோட அகலம் சாதாரணமா 46லிருந்து 48 அங்குலம். டீச்சரோட இடுப்புல இருந்து தரை வரைக்கும் அளந்தா 36 அங்குலம். அப்ப பத்து அங்குலத்துக்கு மேல உள்ளுக்குள்ள சொருகியே ஆகணும். ரெண்டு பக்கமும் ஒம்பது அங்குல பார்டர் வச்ச பட்டுன்னா மேல்பக்கத்து ஜரிகை முழுசா இடுப்புக்குள்ள போயிரும், வெறைப்பான ஜரிகைய மடிச்சு வயித்துல திணிச்ச மாதிரி, இல்லாத தொப்பை வந்துரும், மணவறையில சம்மணம் போட்டு உக்காந்தா குத்தும். கீழ்ப்பக்கம் ஒம்பது அங்குலம்னா 36ல கால்வாசி பார்டர்தான், ஆள் இன்னும் குட்டையாத் தெரிவாங்க. அஞ்சே முக்கால் அடி பொண்ணுக்கு அதே பார்டர் ராஜகம்பீரமா இருக்கும், அது வேற. இத ஒரு பழைய பெரிய பார்டர் சாரிய சொருகி கண்ணாடி முன்னாடி நிக்க வச்சு காட்டுன பெறகுதான் டீச்சருக்கு முகம் தெளிஞ்சுச்சு, ஏன்னா அது வரைக்கும் தன் உடம்புலதான் ஏதோ குறைன்னு நெனச்சுக்கிட்டு இருந்தாங்க. குறை உடம்புல இல்ல, பார்டர் அளவுலதான். இத ஒவ்வொரு பொண்ணுக்கும் சத்தமா சொல்லணும்னு எனக்குத் தோணும்.

அப்பதான் அம்மா வாயத் தொறந்தாங்க. "பெரிய பார்டர் இல்லாட்டி கூறை மாதிரி இருக்காதேம்மா, ஆளுங்க என்ன சொல்லுவாங்க"ன்னு. அம்மா 30 வருசத்துக்கு மேல கொழுந்து எடுக்குறவங்க. அவங்க கேட்டதுல நியாயம் இருக்கு. தோட்டத்துல ஒரு கல்யாணம்னா அந்தப் பட்ட லயமே, அந்த வரிசை வீடு முழுக்கவே பாக்கும், வருசக்கணக்குல பேசும். எங்க அப்பாயி காலத்துல பின்கொசுவம் வச்சு கட்டுனாங்க, கல்யாணத்துக்கு ஒரு சிவப்பு நூல் சேலைதான், பட்டு இல்ல. அங்கேர்ந்து இங்க வந்து சேர்ந்த குடும்பங்களுக்கு காஞ்சிபுரம்ங்கிறது துணி மட்டும் இல்ல, நாங்களும் தலை நிமிர்ந்து நிக்கிறோம்னு சொல்றது. அத அலட்சியமா "பெரிய பார்டர் பழைய ஃபேஷன்"னு சொல்லித் தள்ள என்னால முடியாது.

காசும் பேசணும். அப்ப அம்மாவோட நாள் சம்பளம் 1,000 ரூபா, 2024 செப்டம்பர்லதான் 1,350 ஆச்சு. அதனால 60 ஆயிரத்துக்கு ஒரு சாரின்னு சொன்னா அம்மா மனசுக்குள்ள அது 60 பேர், தோட்டத்துல ஒரு நாள் வேலைய ஒரு பேர்னுதான் சொல்லுவோம், அதுவும் அரைப்பேர் விழாம முழுப்பேரா 60. கூறை மாப்பிள்ளை வீட்டுச் செலவுதான், ஆனா ரிசெப்ஷன் சாரி, ஜாக்கெட், டிரெஸ்ஸிங், நகை செட் எல்லாம் பொண்ணு வீட்டுப் பக்கம். 2024 ஜனவரில இருந்து வாட் வரி 18 வீதம் ஆன பெறகு எல்லா வெலையும் ஏறித்தான் கெடந்துச்சு. ஆக எடுக்குற ஒவ்வொன்னும் ஒரு நாள் போட்டுட்டு பெட்டியில பூட்டுற பொருளா இருக்கக் கூடாதுன்னு ஆரம்பத்துலயே மூணு பேரும் கதைச்சு முடிவெடுத்தோம்.

இங்கதான் அந்த லெஹங்கா விசயத்த சொல்லணும். என்கிட்ட வர்றதுக்கு முன்னாடியே டீச்சர் ரிசெப்ஷனுக்குன்னு ஒரு இளரோஸ் லெஹங்காவ வாடகைக்கு பேசி 10,000 ரூபா அட்வான்ஸ் கட்டியிருந்தாங்க. படத்துல பாத்துத்தான் கட்டுனது, போட்டுப் பாக்கல. ஆனி மாசம் போட்டுப் பாக்கப் போனப்ப இடுப்பு ரெண்டு அங்குலம் பெருசு, பாவாடை தரையில அரை அடி இழுபடுது, உள்பக்கம் பழைய மேக்கப் கறை. வெட்டித் தைக்க விட மாட்டோம், ஊக்கு குத்தித்தான் தருவோம்னு சொல்லியிருக்காங்க. அட்வான்சும் திரும்பக் கெடைக்கல. பத்து நாள் பேர் போச்சுன்னு அம்மா சொன்னது எனக்கு இன்னமும் காதுல இருக்கு. வாடகை உடுப்பு தப்பில்ல, நிறைய பொண்ணுங்களுக்கு அதுதான் கையில இருக்குற வழி, ஆனா உடம்புல போட்டுப் பாக்காம ஒரு ரூபா கட்டாதீங்க, அளவு திருத்துவாங்களா, அட்வான்ஸ் திரும்ப வருமான்னு எழுத்துல வாங்கிட்டு கட்டுங்க.

மாப்பிள்ளை வீடு பொகவந்தலாவை. மாமியார் ஏற்கனவே முடிவோடதான் இருந்தாங்க: அரக்குக் கலர், பெரிய பார்டர், மூத்த மருமகளுக்கு எடுத்த மாதிரியே, ஒரு மருமகளுக்கு ஒரு மாதிரி இன்னொருத்திக்கு ஒரு மாதிரின்னு பேச்சு வந்துரக் கூடாதுன்னு. டீச்சர் பயந்துட்டாங்க, பேசாம அவங்க எடுக்குறத கட்டிக்கிறேன்னு கூட சொன்னாங்க. நான் சொன்னது ஒன்னுதான், சண்டை போட வேணாம், "மாமி, சாரி எடுக்கப் போறப்ப நானும் வரலாமா"ன்னு மட்டும் கேளுங்கன்னேன். கேட்டாங்க. மாமியாருக்கு சந்தோசம், ஏன்னா பொண்ணு வெக்கப்பட்டு வராதுன்னு அவங்க நெனச்சுக்கிட்டு இருந்துருக்காங்க. ஆடி பொறக்குறதுக்கு முன்னாடி எடுத்துரணும்னு அவசரம், ஆனி மாசத்து ஒரு ஞாயித்துக்கெழமை விடிய பஸ்ல ஏறி கினிகத்தேன, நாவலப்பிட்டி, கம்பளை வழியா கண்டிக்குப் போனோம், மாமியார், டீச்சர், அம்மா, நான். கொழும்புல வெள்ளவத்தைக்குப் போனா நிறைய கடை இருக்குதான், ஆனா ஒரே நாள்ல போய் நிதானமா பாத்துட்டு வர முடியாது, களைச்சுப் போய் எடுக்குற சாரி நல்ல சாரியா அமையுறது அபூர்வம்.

மொதக் கடையில "ஒரிஜினல் காஞ்சிபுரம்"னு சொல்லி ஒன்ன எடுத்துப் போட்டாங்க, பளபளன்னு இருந்துச்சு, வெலையும் கொறச்சல். முந்தானை ஓரத்துல நெய்யாம விட்டிருக்குற நூல்ல ரெண்டு இழை கேட்டு வாங்கி வெளிய வந்து பத்த வச்சேன். அசல் பட்டுன்னா மயிர் கருகுற வாசம் வரும், சாம்பல் கையில நசுக்குனா பொடியாப் போகும். அது உருகி சின்ன கறுப்பு உருண்டையா ஒட்டிக்கிச்சு, பாலியெஸ்டர். சத்தம் போடல, வந்துட்டோம். இந்தியாவுல 2004ல இருந்து சில்க் மார்க்னு ஒரு முத்திரை இருக்கு, காஞ்சிபுரம் பட்டுக்கு 2005ல புவிசார் குறியீடும் கெடைச்சிருக்கு, இங்க வர்ற எல்லா சாரிலயும் அந்த லேபிள் இருக்காது, இருந்தா கேட்டுப் பாருங்க, இல்லாட்டி நூலப் பாருங்க. ஜரிகையும் அப்படித்தான்: நல்ல ஜரிகைக்கு நடுவுல பட்டு நூல் இருக்கும், அதுக்கு மேல வெள்ளித் தகட்ட சுத்தி தங்கப் பூச்சு குடுத்திருப்பாங்க, லேசா சொரண்டுனா உள்ள செவப்பு நூல் தெரியும். வெல கொறஞ்சதுல செம்பு இருக்கும், இன்னும் கொறஞ்சதுல வெறும் பிளாஸ்டிக் இழை. எத வேணும்னாலும் எடுக்கலாம், என்ன வாங்குறோம்னு தெரிஞ்சு அதுக்குரிய வெலைய குடுத்தா போதும்.

ரெண்டாவது கடையில மாமியார் கேட்ட மாதிரியே ஆழ்ந்த அரக்குல ஒன்னு, டீச்சர் கண்ணு வச்ச லாவெண்டர்ல ஒன்னு, நான் எடுத்துக் குடுத்த குங்குமச் சிவப்புல ஒன்னு. மூணையும் தோள்ல போட்டு கடைக்குள்ள மஞ்சள் வெளிச்சத்துல பாத்தா மூணுமே நல்லாத்தான் இருந்துச்சு, கடை லைட்டுக்கு அடியில எந்த ஜரிகையும் ஜொலிக்கும். முதலாளிக்கிட்ட கேட்டுட்டு மூணையும் வாசலுக்கு கொண்டுவந்தோம். அன்னைக்கு கண்டியிலயும் மழை மப்பு. மாமியார பத்து அடி தள்ளி ரோட்டோரம் நிக்கச் சொல்லி அவங்க ஃபோன்லயே, ஃப்ளாஷ் இல்லாம, மூணு படம் எடுக்கச் சொன்னேன். ஆழ்ந்த அரக்கு கிட்டத்தட்ட கறுப்பாப் போயிருச்சு. லாவெண்டர் டீச்சரோட முகத்துல இருந்த தெளிச்சிய உறிஞ்சிட்ட மாதிரி, சாம்பல் பூத்த மாதிரி காட்டுச்சு. குங்குமச் சிவப்புல மட்டும் முகம் முன்னுக்கு வந்துச்சு. நம்ம மலையில பாதி கல்யாணம் மூடுபனிக்கும் மப்புக்கும் நடுவுலதான் நடக்குது, ஹட்டன் 1,200 மீட்டருக்கு மேல இருக்குற ஊரு, அந்த வெளிச்சம் நீலம் கலந்த மங்கலான வெளிச்சம், அதுல ரொம்ப ஆழ்ந்த கலரும் ரொம்ப வெளுத்த கலரும் ரெண்டுமே நம்ம நெறத்துக்கு கைகுடுக்காது. சென்னை வெயில்ல எடுத்த படத்த பாத்து கலர் முடிவு பண்ணுறதுல வர்ற பிரச்சினை இதுதான்.

மாமியார் படத்த மாத்தி மாத்திப் பாத்துட்டு கலருக்கு சரின்னுட்டாங்க. பார்டருக்கு விடல. அரை மணி நேரம் அதுலயே நின்னோம். அப்பதான் அம்மா, அது வரைக்கும் மகளுக்காக பயந்துக்கிட்டு இருந்த அம்மா, "பார்டர் சின்னதா இருந்தாலும் முந்தானை நெறைய ஜரிகை இருக்குற மாதிரி எடுப்போம் சம்மந்தி, பின்னாடி இருந்து பாக்குறவங்களுக்கு அதுதானே தெரியும்"னு சொன்னாங்க. எனக்கே அது தோணல. கடைசில எடுத்தது குங்குமச் சிவப்பு உடம்பு, கரும்பச்சையில நாலு அங்குலக் கோர்வை பார்டர், முந்தானை முழுக்க ஜரிகை. கோர்வைன்னா உடம்பையும் பார்டரையும் தனித்தனி நாடாவுல ஓட்டி நெய்யுறப்பயே கோர்த்துக்கிட்டு வர்றது, அதனாலதான் ரெண்டு கலரும் சேர்ற இடம் அவ்வளவு சுத்தமா, கெட்டியா இருக்கும். வெல 58,500. மாமியார் நெனச்சு வந்தத விட கொஞ்சம் கொறவு, அந்த மிச்சக் காசுல அவங்களாவே ஒரு செட் வளையல் எடுத்துக் குடுத்தாங்க. வீட்டுக்கு வந்து டீச்சர் ஸ்கூலுக்கு கட்டுற கரும்பச்சை சாரிய பக்கத்துல வச்சுப் பாத்தேன். அதே கரும்பச்சை.

ரிசெப்ஷனுக்கு மயில்கழுத்துக் கலர்ல ஒரு சாஃப்ட் சில்க், 24,000. எடை பாதிதான், பெறகு ஸ்கூல் விழாவுக்கு கட்டலாம். ஒசரி கட்டிப் பாக்கணும்ங்கிற ஆசையும் டீச்சருக்கு இருந்துச்சு, கூட படிச்சுக்குடுக்குற சிங்கள டீச்சர் ஒருத்தங்க ஒரு நாள் பின்னேரம் வந்து அவங்க சாரியிலயே கட்டி விட்டாங்க, இடுப்பச் சுத்தி வர்ற அந்தக் கொசுவ மடிப்பு அழகா இருந்துச்சு, ஆனா குட்டை உடம்புக்கு இடுப்புல இன்னொரு அடுக்கு கூடிருச்சு. டீச்சரே கண்ணாடியப் பாத்து வேணாம்னுட்டாங்க. போட்டுப் பாத்துட்டு வேணாம்னு சொல்றதுல ஒரு நிம்மதி இருக்கு, ஆசை மனசுல நின்னு அரிக்காது.

இப்ப ஜாக்கெட். இதுல நான் ஒரு தப்பு பண்ணேன். ஆரி வேலை, அதாவது கொக்கி ஊசியில போடுற எம்பிராய்டரி, செய்யுறதா இருந்தா துணிய வெட்டுறதுக்கு முன்னாடியே அளவு வரைஞ்சு சட்டத்துல மாட்டணும், வேலை முடிஞ்ச பெறகுதான் வெட்டித் தைக்கணும், எப்படியும் ரெண்டு மூணு கெழமை போயிரும். அதனால ஆனி கடைசிலயே அளவு எடுத்துட்டேன். முதுகுல வேலையே வேணாம், கை ஓரத்துல மட்டும் பார்டருக்கு மேல சின்னக் கொடி மாதிரி ஒரு வரின்னு டீச்சர் சொன்னாங்க, மாலையும் தலைப்பூவும் முதுக மூடிரும், அங்க ஆயிரக்கணக்குல செலவழிச்சு யாருக்கும் தெரியப் போறதில்ல, அது நல்ல முடிவு. லைனிங் காட்டன தண்ணில நனைச்சு காய வச்சுத்தான் வெட்டினேன், பக்கத் தையல்ல ஒரு அங்குலத்துக்கு மேல துணி விட்டேன். எல்லாம் சரியாத்தான் செஞ்சேன், ரெண்டாவது ஃபிட்டிங்க மட்டும் தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தேன், ஆடில வேலை குவிஞ்சிருச்சு. கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்குறப்ப போட்டுப் பாத்தா டீச்சர் அலைச்சல்ல நாலு கிலோ எளைச்சிருக்காங்க, நெஞ்சுப் பக்கம் லூசு, அதே நேரம் அக்குள்ல இழுக்குது. கைய முன்னால நீட்டுனா ஒன்னும் இல்ல, மாலை போடுற மாதிரி மேல தூக்குனதும் ஜாக்கெட்டே ஏறி வருது. மாப்பிள்ளை அஞ்சு அடி ஒம்பது. மாலை மாத்துற நேரம் கை எவ்வளவு ஒசரம் போகும்னு நான் அளவு எடுக்குறப்பயே யோசிச்சிருக்கணும்.

அன்னைக்கு ராத்திரி முழுக்க உக்காந்து பக்கத்தப் பிடிச்சு, கையப் பிரிச்சு அக்குளுக்கு கீழ மிச்சத் துணியில ஒரு சின்னச் சாய்சதுரத் துண்டு வச்சு தைச்சேன், வெளிய தெரியாது, கை தாராளமா போகும். இப்ப எந்தக் கல்யாண ஜாக்கெட்டா இருந்தாலும் பத்து நாளைக்கு முன்னாடி ஃபிட்டிங், அதுவும் கண்ணாடி முன்னாடி நின்னு பாக்குறது மட்டும் இல்ல, சம்மணம் போட்டு உக்காரணும், குனிஞ்சு கால்ல விழணும், ஒரு கால தூக்கி அம்மி மேல வைக்கிற மாதிரி வைக்கணும், ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கணும். கல்யாணத்துல பொண்ணு செய்யுற எல்லாத்தையும் தையல் ரூம்லயே ஒருக்கா செஞ்சு பாத்துட்டுத்தான் ஜாக்கெட்ட குடுக்குறேன்.

நகைய சுருக்கமா சொல்றேன், கழுத்து குட்டைங்கிறதால கழுத்த ஒட்டுன அட்டிகை வேணாம்னு விட்டுட்டு ஒரே ஒரு நீள ஆரம், ஜிமிக்கி, நெத்திச்சுட்டி, எல்லாம் கவரிங், தாலி மட்டும் தங்கம். மேக்கப்ப பத்தி எனக்கு பெருசா சொல்லத் தெரியாது, ஸ்கூல்ல பிள்ளைங்க பாத்தா அடையாளம் தெரியணும்னு டீச்சர் சலோன்ல சொல்லியிருந்தாங்க, தெரிஞ்சுச்சு.

கல்யாணத்தன்னைக்கு தோட்டத்து மாரியம்மன் கோயில்ல ஆறு மணிக்கு மேல முகூர்த்தம். லயத்து ரூம்ல முந்தானைய விரிச்சு மடிக்க எடம் பத்தாதுன்னு முந்தின நாளே சாரிய என் ரூமுக்கு கொண்டுவந்து கொசுவமும் தோள் மடிப்பும் எடுத்து, மேல வெள்ளக் காட்டன் துணி போட்டு கம்மிச் சூட்டுல அயர்ன் பண்ணி கிளிப் போட்டு வச்சிருந்தேன். மூணரை மணிக்கு கட்ட ஆரம்பிச்சு இருபது நிமிசத்துல முடிஞ்சிருச்சு. ஊக்கு குத்துற எடத்துல எல்லாம் உள்பக்கம் சின்னத் துணித்துண்டு வச்சுத்தான் குத்துனது, இல்லாட்டி ஜரிகை கிழிஞ்சிரும்.

ஒரு விசயம் நிறைய பேர் மறந்துருவாங்க. கோயில்ல செருப்பு இல்ல. ஹீல்ஸ் போட்டு நிக்க வச்சு சாரி கட்டி விட்டா கோயில்ல ரெண்டு மூணு அங்குலம் தரையில கெடந்து கால்ல மாட்டும், அதுவும் மழைத்தண்ணி நிக்கிற தரையில. வெறுங்கால்ல நிக்க வச்சுத்தான் கூறையக் கட்டணும். ரிசெப்ஷன் சாரிய மட்டும் அவங்க போடப்போற செருப்போட நிக்க வச்சு கட்டுனேன். அன்னைக்கு தூறல்தான், ஆனா வேன் நிக்கிற எடத்துல இருந்து கோயிலுக்கு நூறு அடி சேத்துப் பாதை. மாமன் ரெண்டு பேர் குடை பிடிச்சாங்க, தங்கச்சிக்காரி கொசுவத்த கணுக்காலுக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டே வந்தா, பழைய ரப்பர் செருப்போட வந்து கோயில் படியில கால் கழுவிட்டு டீச்சர் ஏறுனாங்க. பட்டுல தண்ணி பட்டா வட்டமா அடையாளம் நின்னுரும், முந்தானையில நாலஞ்சு துளி விழுந்துச்சு, தேய்க்க விடாம காஞ்ச துணிய வச்சு ஒத்தி மட்டும் எடுத்தேன், அடையாளம் நிக்கல.

குளிருக்குன்னு ஒன்னும் தனியா வேண்டியிருக்கல, அசல் பட்டு சூட்ட பிடிச்சு வச்சுக்கும், முழங்கை வரைக்கும் கை, மூடின முதுகு. பக்கத்துல நின்ன சொந்தக்காரப் பிள்ளைங்க நெட் ஜாக்கெட்டுல நடுங்கிக்கிட்டு இருந்தாங்க. மாலை மாத்துறப்ப கை தாராளமா மேல போச்சு, நான் அந்த நிமிசம் அக்குள மட்டுந்தான் பாத்துக்கிட்டு நின்னேன். மாமியார் பின்னாடி பந்தல்ல இருந்து யாருக்கோ "முந்தானையப் பாருங்க, முழுக்க ஜரிகை"ன்னு சொல்லிக்கிட்டு இருந்தது கேட்டுச்சு. அம்மாவும் அங்கதான் நின்னாங்க, சிரிச்ச முகமா.

கல்யாணம் முடிஞ்சு அனுப்புறப்ப ஒன்னே ஒன்னு சொல்லி அனுப்புனேன். நம்ம ஊரு ஈரத்துக்கு பட்ட பிளாஸ்டிக் பேக்குல போட்டு வச்சா ஒரு மழைக்காலத்துலயே பூசணம் பிடிச்சிரும், ஜரிகை கறுத்துரும். துவைச்ச பழைய வேட்டித் துணில சுத்தி, சிமெந்து சுவர ஒட்டாத அலுமாரித் தட்டுல வைங்க, மூணு மாசத்துக்கு ஒருக்கா பிரிச்சு நெழல்ல காத்து வாங்க விட்டு வேற மடிப்புல மடிங்க, பூச்சி உருண்டை ஜரிகை மேல படவே கூடாது.

போன கெழமை டீச்சர் ரூமுக்கு வந்தாங்க. இளைச்ச நாலு கிலோவும் திரும்ப வந்துருச்சு, மயில்கழுத்து சாரியோட ஜாக்கெட்டுல விட்டு வச்ச துணியப் பிரிச்சு விடணுமாம், ஸ்கூல் சரஸ்வதி பூசைக்கு கட்டப் போறாங்களாம். கூட இன்னொரு டீச்சரையும் கூட்டிக்கிட்டு வந்திருந்தாங்க, அவங்களுக்கு தை மாசம் கல்யாணம், கையில ஃபோன் இல்ல, ஒரு பையில மடிச்சு வச்ச ஏழு சாரி.